பராகுவேயும் உருகுவேயும் இடம் மாறிய பக்கம்

பராகுவேயும் உருகுவேயும் இடம் மாறியிருந்ததை வைத்துத்தான் என் கணவர் என்னிடம் பொய் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

தென் அமெரிக்கா அத்தியாயத்தின் முதல் மெய்ப்பு அன்று காலைதான் அச்சகத்திலிருந்து வந்திருந்தது. நாடு, தலைநகர், பரப்பு, மக்கள்தொகை என்று நான்கு கட்டம் போட்ட அட்டவணை. பராகுவேக்கு நேரே உருகுவேயின் மக்கள்தொகை இருந்தது. உருகுவேக்கு நேரே பராகுவேயினுடையது. அச்சுக்கோத்தவரின் கைப்பிழை என்று நினைத்துக் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருந்தது, அவருடைய சாய்வான எண்களில்.

அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய புள்ளிவிவர ஆண்டு நூல் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. ஏதோ தோன்றி அதைப் புரட்டினேன். அதே இரண்டு எண்கள் அதேபோல் இடம் மாறி அச்சாகியிருந்தன. ஓரத்தில் பென்சிலால், ‘மாறிக் கிடக்கிறது, நம்ப வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. அந்த நூல் வீட்டுக்கு வந்த வருடமே நான் எழுதி வைத்தது.

ஆக, அவர் இதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்று மாதமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் புதிய புள்ளிவிவரம் எடுக்க மைய நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒற்று விட்டுப்போனாலும் காற்புள்ளி கூடிப்போனாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்பது அவர்கள் நம்பிக்கை. என் பெருமையும் அதுதான். ஆனால் பிழை பார்க்கிற கண்ணுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு பிழை அகப்பட்டுவிட்டால், இன்னொன்று எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்தே அடுத்த வரியைப் படிக்கும். அன்றிலிருந்து என் கணவரை நான் அப்படிப் படிக்க ஆரம்பித்தேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏழு கண்டங்களைப் பற்றியும் ஒரே நூல். அதுதான் எங்கள் வேலை. ஒவ்வொன்றுக்கும் நில அமைப்பு, மக்கள், பொருளாதாரம் என்று மூன்று பகுதி. அவர் எழுதுவார், நான் திருத்துவேன், பொருளடைவும் நானே தயாரிப்பேன். ஆறு வருடமாக அதோடுதான் குடித்தனம். முதலில் அண்டார்டிகாவை முடித்தோம். மக்கள் பகுதியில் எழுத ஒன்றும் இல்லை, பெங்குவின்களுக்குப் பொருளாதாரமும் இல்லை. ஆசியாவுக்கு மட்டும் இரண்டு வருடம் ஆயிற்று. அச்சக முதலாளி படியேறி வரும்போதெல்லாம், “எந்தக் கண்டத்தைத் தாண்டியிருக்கீங்க?” என்பார். “இன்னும் சகாராவுலயே நிக்கிறோம், ஒரு வாய் தண்ணி குடுங்க” என்பார் என் கணவர். அத்தியாயத்தை முடித்து அச்சுக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் கண்டம் தாண்டியாயிற்று என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. குழந்தைகள் இல்லாத வீடு. எங்களுக்குள்ளேயே புழங்கிப் புழங்கிச் சொற்கள் தேய்ந்துபோயிருந்தன.

தென் அமெரிக்கா கடைசி. அதைத் தொடங்கியபோது எங்கள் கட்டடத்து மாடிப்படிக்கும் அந்தக் கண்டத்து மலைநகரங்களின் பெயர் வைத்தார். நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி. முதல் மாடித் திருப்பம் கிட்டோ. இரண்டாவது மாடித் திருப்பம் லா பாஸ். அதற்கு மேல் மனிதர் வாழத் தகுதியற்ற உயரத்தில் நாங்கள். ஆசியா எழுதியபோது இதே படிகள் திபெத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அதனால், அவர் கிட்டோவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், லா பாஸில் இன்னும் கொஞ்சம் அதிகமாக நிற்பதையும் விளையாட்டென்றே எடுத்துக்கொண்டேன். “என்னங்க, என்ன அங்கேயே நின்னுட்டீங்க?” என்று மேலேயிருந்து கேட்டால், “காத்து மெல்லிசா இருக்கு, வரேன்” என்பார்.

சந்தேகம் வந்த பிறகு அந்த நிற்றலுக்கும் வேறு பொருள் தெரிந்தது. கையிலிருப்பதைப் பைக்குள் மறைப்பதற்காக நிற்கிறார்.

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கத்தரிக்கோல் இருக்கிறார். அது ஆளின் பட்டப்பெயர். எங்கள் அச்சகத்திலேயே பத்து வருடம் இருந்தவர். நாலு புத்தகத்தை விரித்து வைத்து, வேண்டிய பத்தியை வெட்டி, பசை தடவி ஒட்டி, ஐந்தாவது புத்தகம் என்று கொண்டுவருவார். என் கணவர் ஒரு வாக்கியத்துக்கு அரை நாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “கத்தரி இருக்கும்போது பேனா எதுக்குய்யா?” என்று கேட்டவர். நாலு வருடத்துக்கு முன்னால் விலகிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற சாலையில் சொந்தமாக அச்சகம் போட்டுவிட்டார். பள்ளி திறப்பதற்குள் அவரும் கண்டங்களைப் பற்றி ஒரு நூல் கொண்டுவருகிறாராம் என்று அச்சகத்தில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. முதலாளிக்குத் தூக்கமில்லை. எங்களுக்கு முன்னால் அது வெளிவந்துவிட்டால் எங்களுடைய ஆறு வருடமும் எடைக்குத்தான் போகும்.

நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நூலகர் எங்களை நன்றாக அறிந்தவர். “சார் இந்தப் பக்கம் வந்தே மூணு மாசம் ஆச்சேம்மா. நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டோமா?” என்றார். இல்லை, ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று பார்க்கத்தான் என்று சமாளித்தேன். அப்போது என் வாயிலும் பொய் சரளமாகத்தான் வந்தது.

அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பேருந்துச் சீட்டு ஒன்று இருந்தது. நூலகம் இருப்பது வடக்கே. சீட்டு தெற்கே போவது. கடைசி நிறுத்தம் ஆஸ்பத்திரி சாலை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஒரு நீலக் கோப்பை எடுத்துப்போவதும், திரும்பியதும் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவதும் அதன் பிறகுதான் கண்ணில் பட்டது. பதினெட்டு வருட வாழ்க்கையில் எங்கள் வீட்டில் பூட்டியிருந்தது வாசல் கதவு ஒன்றுதான். வெயில் கொளுத்துகிற நாளிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தானிட்டுக்கொண்டு வந்தார். யாரையோ மரியாதைக்குரிய ஒருவரைப் பார்க்கப் போகிறவரைப்போல.

கேட்டிருக்கலாம். இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிற கேள்வி அது. ஆனால் பிழையைக் கண்டதும் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. மற்ற பக்கங்களையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் அனுப்புவோம். நானும் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது அவர் உள்ளறையில் தன் அக்காவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். என் நாத்தனார் வேறு ஊரில் இருக்கிறவர். தம்பி என்றால் உயிர். நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

“இந்தக் கண்டத்தை மட்டும் தாண்டிட்டாப் போதும் அக்கா. அதுக்கப்புறம் நானே அவகிட்ட சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது.”

இதைவிடத் தெளிவாக எழுதப்பட்ட வாக்கியத்தை நான் திருத்தியதில்லை. தென் அமெரிக்காவை முடிப்பார். முழு நூலையும் கத்தரிக்கோலிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அட்டையில் அவர் பெயர் மட்டும் வரும். எல்லாம் முடிந்த பிறகு எனக்குச் சொல்லப்படும். அக்காவுக்கு முதலிலேயே தெரியும், எனக்குக் கடைசியில். பையிலிருந்த காய்கறியைக்கூட எடுத்துவைக்கத் தோன்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து எட்டிப்பார்த்து, “எப்ப வந்தே?” என்றார். “இப்பதான்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, அத்தியாயத்தின் கடைசிப் பகுதியை அவர் எழுதிவைத்திருந்த இடத்திலிருந்து எடுத்தேன். பொருளாதாரம், பதினாலு பக்கம். அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை, வேறு நகலும் இல்லை. படுக்கை விரிப்புகளுக்கு அடியில் மறைத்து வைப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நன்றாக எழுதியிருந்தார். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

‘இந்தக் கண்டத்தில் மனிதர்கள் ஓரங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள், நடுவில் காடு தனியாக இருக்கிறது. மலையில் தோண்டிய வெள்ளியும் ஈயமும் செம்பும் கரைக்கு இறங்கிக் கப்பல் ஏறின; தோண்டியவர்கள் மலையிலேயே தங்கிவிட்டார்கள்’ என்று ஓர் இடத்தில் இருந்தது. பொலிவியாவைப் பற்றி இரண்டே வரி: ‘ஒரு போரில் இந்நாடு தன் கடற்கரையை இழந்தது. கடற்படையை மட்டும் இன்னும் கலைக்கவில்லை.’ பிள்ளைகள் புத்தகத்தில் இப்படி எழுதினால் முதலாளி அடித்துவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்காக எழுதுகிற வரிகள் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை முழுவதும் அவர் அந்தப் பக்கங்களைத் தேடினார். மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், குனிந்து நிமிரும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் கத்தரிக்கோலின் பெயரை அவராகவே சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது, “எங்கயாவது கண்ணுல பட்டா எடுத்து வைம்மா. நாளைக்கு எனக்கு நேரம் இருக்காது” என்பதுதான். தன் மறதியையே குற்றம் சொல்லிக்கொண்டு படுத்துவிட்டார். என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அதையும் நடிப்பு என்று என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நீலக் கோப்போடு வாசலில் நின்றார். செருப்பு மாட்டியாயிற்று. கிளம்பவில்லை.

“நீயும் வரியா இன்னைக்கு?” என்றார்.

மூன்று மாதத்தில் முதல் முறை. எல்லாம் முடித்துவிட்டு, கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“உங்க கண்டம், நீங்களே தாண்டிக்கோங்க.”

அவர் முகம் மாறியது. பயந்தவர் முகம் என்று அன்றைக்குப் படித்தேன். “யாரு சொன்னா உனக்கு?” என்று கேட்டார்.

“யாரும் சொல்ல வேணாம். எனக்குப் படிக்கத் தெரியும்.”

கோப்பைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு, சிரித்ததாகத்தான் நினைவு. “பூதக்கண்ணாடின்னு சும்மாவா வச்சாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு அதன் பின்னால் நின்று படிகளை எண்ணினேன். லா பாஸைத் தாண்டினார். கிட்டோவில் செருப்புச் சத்தம் நின்றது. இறங்கும்போது அவர் அங்கே நிற்பதில்லை. ஐந்து நிமிடம் இருக்கும், குறைவாகவும் இருக்கலாம். நான் கதவைத் திறப்பேனா என்று வேவு பார்க்கிறார் என்று தோன்றியது. திறக்கவில்லை. பிறகு சத்தம் மறுபடி கேட்டு, கீழே போய் மறைந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு நாத்தனார் பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து. அவர் ஊரிலிருந்து வந்திருப்பதே எனக்குத் தெரியாது. உடனே புறப்பட்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையாம். அதன் நடுவிலேயே போய்விட்டார். மூன்று மாதமாகச் செவ்வாய்தோறும் மருத்துவரைப் பார்க்க வந்துகொண்டிருந்திருக்கிறார். ஊசி குத்திய தடங்கள் இரண்டு முழங்கைகளின் உட்புறமும் நீலமாக இருந்தன. நீலக் கோப்பு நாற்காலியின் மேல் கிடந்தது. அதில் இருந்தது படங்களும் அறிக்கைகளும். நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஒரு கண்டத்தைத் தாண்டிட்டா அப்புறம் பயமில்லன்னுதானே டாக்டர் சொன்னாரு. தாண்டலையேம்மா” என்று அழுதார்.

அந்தச் சொல்லை அப்போதுதான் பிறந்ததிலிருந்து முதல் முறையாகக் கேட்பவள்போலக் கேட்டேன். அவனுக்குத் தண்ணியில கண்டம், நெருப்புல கண்டம் என்று ஊர் முழுக்கச் சொல்லுகிற சொல். எங்கள் வீட்டில் மட்டும் அது வழக்கொழிந்துபோயிருந்தது. எழுத்து ஒன்றுதான், ஒலியும் ஒன்றுதான். எந்த மெய்ப்பிலும் பிடிபடாத பிழை.

நாத்தனார் ஒன்றரை மாதம் என்னோடு இருந்தார். விரிப்புகளுக்கு அடியிலிருந்து பதினாலு பக்கத்தையும் எடுத்து அச்சுக்கு அனுப்பினேன். எங்கிருந்தது என்று முதலாளி கேட்கவில்லை. பராகுவேயையும் உருகுவேயையும் அவற்றின் இடத்தில் வைத்தேன். புதிய எண்களுக்காக நூலகத்துக்கு நானே நான்கு நாள் போனேன். கடற்படை வரியை முதலாளி அடித்தார். நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி அடிக்கவில்லை.

கத்தரிக்கோல் துக்கம் கேட்க வந்து, என் கணவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை. அடுத்த வாரம் அவருடைய நூல் வெளிவந்ததும் ஒரு பிரதி வாங்கிவரச் செய்து, முதல் வேலையாக அந்த அட்டவணையைப் பார்த்தேன். இரண்டு நாடுகளும் சரியாக இருந்தன. மற்ற அத்தியாயங்களிலும் தேடினேன். எங்கள் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. வெட்டி ஒட்டியதுதான், ஆனால் வேறு யாரிடமிருந்தோ.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சந்தேகம். அந்தக் காலை நான் சொன்ன வார்த்தையை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? நாத்தனார் முதல் வாரமே ஒரு பதில் சொல்லியிருந்தார். உள்ளே போவதற்கு முன்னால் வரவேற்பறையில் தன்னோடு பேசினான் என்றும், உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று சொன்னான் என்றும், மனசு லேசாகிவிட்டது என்றான் என்றும். நல்ல மனுஷி. அழுகிறவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றால் எதையும் சொல்லக்கூடியவர். ‘மனசு லேசாயிடுச்சு’ என்பது அவர் பேச்சு. என் கணவர் அப்படிப் பேசமாட்டார். அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதியிருந்து யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நாத்தனார் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். “அன்னைக்கு அவர் சொன்னது, அவர் சொன்னபடியே எனக்கு வேணும் அக்கா. ஒரு வார்த்தை கூட்ட வேணாம், குறைக்க வேணாம்.”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?”

“வேணும்.”

மடித்த புடவையையே மறுபடி பிரித்து மடித்தார். பிறகு சொன்னார். “‘அவளுக்குத் தெரிஞ்சிருக்கு அக்கா. நீங்களே தாண்டிக்கோங்கன்னுட்டா’ன்னான். ‘சரியாத்தானே சொல்றா, இதுல கூட யாரு வர முடியும்’னான். சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு, சத்தியமாத் தெரியலம்மா. அப்புறம், ‘கிட்டோவுல கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன், கூப்பிடலை’ன்னான். அதுக்குள்ள உள்ள கூப்பிட்டுட்டாங்க.”

நாத்தனார் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உன்னைக் கேக்கறதா வேணாமான்னு ஒன்றரை மாசமா மனசுக்குள்ளயே வச்சிருக்கேன். தப்பா நெனச்சுக்காதே. யாரும்மா அந்தக் கிட்டோ? யாரு வீட்டு வாசல்ல போய் என் தம்பி நின்னான்?”

அவர் முகத்தைப் பார்த்தேன். தெரிந்த முகம். அந்த அட்டவணையைப் பார்த்த நாளிலிருந்து நான் வைத்துக்கொண்டிருந்தது.

“ஆள் இல்ல அக்கா. அது ஊரு. மலை மேல இருக்கு.”

“அவன் எப்ப அங்கெல்லாம் போனான்?”

“தினமும்.”

அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் கதவைத் திறந்து, லா பாஸைத் தாண்டி, இன்னொரு மாடி இறங்கினோம். அவருக்கு முட்டிவலி. ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினார்.

“இங்கதான்” என்றேன்.

நாத்தனார் சுற்றிலும் பார்த்தார். சுவர், கைப்பிடி, ஒரு சின்ன ஜன்னல். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். அங்கிருந்து எங்கள் வீட்டுக் கதவு தெரியாது. கதவிலிருந்து கூப்பிட்டால் இங்கே கேட்கும்.